பள்ளி வாசலில் நரைத்த தலைகள்

ஜூலை 26: தூய கன்னி மரியாவின் பெற்றோர் புனிதர்கள் சுவக்கின், அன்னா நினைவு
வாசகங்கள்: சீராக்கின் ஞானம் 44:1, 10-15, மத்தேயு 13:16-17



இன்றைய நினைவைத் தாத்தா பாட்டிகளின் திருநாளாகவே கொண்டாடிப் பழகிவிட்டோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிற்றுக்கிழமையைத் தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாளாக ஏற்படுத்தியதும் இந்த நினைவை ஒட்டித்தான். பீடச் சிறுவர்கள் பாட்டிமாருக்கு ரோஜாப்பூ கொடுப்பார்கள், பாடகர் குழு ஒரு வாழ்த்துப் பாடும், முடிந்ததும் தேநீர் இருக்கும். நல்லதுதான். ஆனால் சுவக்கினும் அன்னாவும் ஆண்டவருக்குத் தாத்தா பாட்டி ஆவதற்கு முன்னால், ஒரு சிறுமிக்கு அப்பா அம்மாவாக இருந்தவர்கள். அதுவும் மரபு சொல்கிறபடி, முதிர்ந்த வயதில் பெற்ற மகள்.

நம் கோவில்களில் இருக்கும் அன்னம்மாள் சுரூபத்தைக் கவனித்துப் பாருங்கள். பல இடங்களில் அவர் கையில் ஒரு புத்தகமோ ஏட்டுச் சுருளோ இருக்கும். பக்கத்தில் சிறுமி மரியா எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்பாள். ஐரோப்பிய ஓவியர்கள் இடைக்காலத்திலேயே இப்படி வரையத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சுரூபத்தில் நாம் பார்ப்பது, வயதான ஒரு தாய் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதை.

ஆகவே தாத்தா பாட்டிகள் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று நான் வேறு சிலரிடம் பேசப் போகிறேன். அவர்களுக்கும் தலை நரைத்திருக்கிறது. ஆனால் இன்னும் தாத்தா ஆகவில்லை, பாட்டி ஆகவில்லை. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்ட கையோடு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்காருகிறார்கள். வகுப்பு வாட்ஸாப் குழுவில் மற்ற அம்மாக்கள் எல்லாம் அவர்களை "ஆன்டி" என்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் இந்தக் கோவிலில் இப்போதும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவர்கள் ஒரே வழியில் வந்தவர்கள் அல்லர். பதினைந்து, இருபது ஆண்டுகள் பிள்ளைக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. மூத்த மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் கடைக்குட்டி பிறந்து, வெட்கத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. தங்கைகளை எல்லாம் கரையேற்றிவிட்டு நாற்பதைத் தாண்டித் திருமணம் செய்துகொண்ட அண்ணன்கள் உண்டு. தத்தெடுத்தவர்கள் உண்டு.

நம் கடற்கரைக்கு இன்னொரு வழியும் தெரியும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அன்று திருக்குடும்பத் திருவிழா. காலைத் திருப்பலி நேரத்தில் கடல் உள்ளே வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் குழந்தைகள். இரண்டு பிள்ளை போதும் என்று குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மார், இரண்டையும் இழந்து நின்றார்கள். கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு அரசு உதவி அறிவித்தது. முப்பத்தைந்திலும் நாற்பதிலும் அந்தத் தாய்மார் மறுபடி தொட்டில் கட்டினார்கள், மறுபடி எல்.கே.ஜி. வாசலில் போய் நின்றார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று பள்ளியை முடித்து வளர்ந்துவிட்டார்கள். முதிர்ந்த வயதில் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று கேட்க விரும்புகிறவர்கள் அந்தத் தாய்மாரிடம் கேட்கலாம். என்னைவிட அவர்களுக்குத் தெரியும்.

ஊர் வாயைப் பற்றி ஒரு சொல். சுவக்கின், அன்னா என்ற பெயர்களே நற்செய்திகளில் இல்லை. திருவிவிலியத்தில் சேராத, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'யாக்கோபின் முதல் நற்செய்தி' என்ற பழைய நூலிலிருந்து நமக்கு வருகின்றன. அந்த நூலில் சுவக்கின் காணிக்கையோடு போகிறார். பிள்ளையில்லாதவன் முந்திக் காணிக்கை வைக்கக் கூடாது என்று தடுக்கிறார்கள். இதைப் படிக்கிறபோது நமக்கு அந்நியமாகவா இருக்கிறது? வளைகாப்பில் யார் முதலில் வளையல் போடலாம், யார் போடக் கூடாது என்று இன்றும் நம் வீடுகளில் கண்ணால் பேசிக்கொள்வதில்லையா? அப்படி ஒதுக்கிய அதே வாய், பிள்ளை பிறந்த பிறகு, "இந்த வயசுல இது தேவையா?" என்கிறது. முதிர்ந்த வயதில் எலிசபெத்து கருவுற்ற பிறகு ஐந்து மாதம் வெளியே தலைகாட்டவில்லை என்று லூக்கா எழுதுகிறார். ஏன் என்று அவர் விரித்துச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இன்னொரு கிசுகிசுவும் எனக்குக் கேட்கிறது: அந்தக் குழந்தை எப்படிப் பிறந்தது, எந்த மருத்துவமனையில், என்ன சிகிச்சை. செயற்கைக் கருத்தரிப்பைத் திருச்சபை ஏற்பதில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதைச் சொல்லுகிற 1987ஆம் ஆண்டின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராய அறிவுறுத்தலே, எவ்வழியில் பிறந்தாலும் அந்தக் குழந்தை கடவுளின் நன்மைத்தனம் தந்த உயிருள்ள கொடை, அன்போடு வளர்க்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. திருமுழுக்குத் தொட்டியருகில் அந்தக் கேள்வியை யாரும் கேட்க வேண்டாம்.

ஊர் வாயைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது இரவில் வரும் கணக்கு. தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 58ஆக இருந்தது, 2020இல் 59 ஆனது, 2021இல் 60 ஆனது. 47 வயதில் தகப்பனான ஒருவர் ஓய்வுபெறும்போது பிள்ளைக்கு 13 வயது. அலுவலகத்தில் சால்வை போர்த்தி அனுப்பிவைத்த அன்று இரவு அவர் படுத்துக்கொண்டே கூட்டிப் பார்க்கிறார்: பத்தாம் வகுப்பு முடிக்கும்போது எனக்கு 62. பன்னிரண்டு முடிக்கும்போது 64. இன்ஜினியரிங் முடிக்கும்போது 68. கல்யாணம்? அங்கே வந்ததும் கணக்கு நின்றுவிடுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்வதில்லை.

திருவிவிலியத்தில் வயதான பெற்றோருக்குப் பஞ்சமில்லை. ஆபிரகாம் 100 வயதில் ஈசாக்கைப் பெற்றார். 175 வரை வாழ்ந்தார். பேரன்கள் யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் 15 வயதாகும் வரை இருந்து பார்த்தார். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் இந்தப் பயத்துக்கு ஆபிரகாமைக் காட்டி உங்களைத் தேற்ற மாட்டேன். இன்றைய நற்செய்தியைக் காட்டுகிறேன்.

இரண்டே வசனம். உங்கள் கண்கள் காண்கின்றன, அதனால் அவை பேறுபெற்றவை என்று இயேசு சீடர்களிடம் சொல்கிறார். பல இறைவாக்கினரும் நேர்மையாளரும் இதைக் காண ஏங்கினார்கள், காணவில்லை என்கிறார். இந்த வாசகத்தைத் திருச்சபை சுவக்கின், அன்னா நினைவுக்கு ஏன் தேர்ந்தது? பேரனை அவர்கள் மடியில் வைத்துக் கொஞ்சினார்களா என்று எந்த மறைநூலும் சொல்லவில்லை. நான் குறிப்பிட்ட அந்தப் பழைய நூலிலும், மூன்று வயது மகளை ஆலயத்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் வீடு திரும்புவதோடு அவர்கள் கதை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மீட்பு வரலாற்றின் மிகப் பெரிய நிகழ்வு அவர்கள் வளர்த்த மகளின் வழியாகத்தான் நடந்தது. அவர்கள் பங்குக்குக் கிடைத்ததோ, அவள் சிறு வயது. அவள் நடை பழகியது, அவள் பேசியது, அவள் செபிக்கக் கற்றது. அந்தச் சில ஆண்டுகளுக்காகத்தான் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் அவர்களைப் பீடத்தில் வைத்திருக்கிறோம்.

பிள்ளையின் வாழ்வை முழுதாகப் பார்க்கிற பெற்றோர் என்று யாரும் இல்லை. இருபத்திரண்டில் பெற்றவரும் பாதியில்தான் விட்டுச் செல்கிறார். உங்களுக்குப் பாதி கொஞ்சம் முன்னால் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் இன்று மாலை நாலரை மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கி, ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே வரும் அந்தப் பிள்ளையைப் பார்க்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. பேறுபெற்ற கண் என்று ஆண்டவர் சொன்னது அதைத்தான் என்று துணிந்து சொல்லுவேன்.

அந்தக் கண்ணை இரண்டு விஷயங்கள் மறைக்கும். ஒன்று களைப்பு. அதற்கு ஒரு புனிதரின் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

நாம் சிறுமலர் என்று அழைக்கும் குழந்தை இயேசுவின் தெரேசா, பிரான்சில் அலான்சோன் நகரில் 1873 ஜனவரி 2 அன்று பிறந்தார். தாய் செலிக்கு அப்போது 41 வயது. தந்தை லூயி மார்ட்டினுக்கு 49. தெரேசா ஒன்பது பிள்ளைகளில் கடைசி. நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். தெரேசாவுக்கு நாலரை வயதாகும்போது, 1877 ஆகஸ்டில், செலி மார்பகப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அப்போது லூயி செய்ததைக் கவனியுங்கள். 54 வயது மனிதர், தன் நண்பர்களையும் பழகிய ஊரையும் விட்டுவிட்டு, ஐந்து பெண்பிள்ளைகளோடு லிசியே நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கேதான் மனைவியின் தம்பி இசிதோர் இருந்தார், மருந்துக்கடைக்காரர். பிள்ளைகளுக்குத் துணைக் காப்பாளராகத் தாய்மாமன் பொறுப்பேற்றார். மூத்த அக்காக்கள் தங்கைக்குத் தாயானார்கள். தான் ஒருவனே எல்லாம் செய்துவிடுவேன் என்று லூயி வீம்பு பிடிக்கவில்லை.

1886 கிறிஸ்மஸ் இரவு. லூயிக்கு 63 வயது. கடைசி மகளுக்குப் பதினான்கு ஆக ஒரு வாரம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வருகிறார்கள். கணப்படுப்பின் பக்கத்தில் காலணிகளை வைத்து அவற்றில் சிறு பிள்ளைகளுக்குப் பரிசு நிரப்புவது அந்த நாட்டு வழக்கம். கடைக்குட்டி என்பதால் தெரேசாவுக்கு அது இன்னும் நடந்துகொண்டிருந்தது. லூயிக்குத் தூக்கம், அலுப்பு. காலணிகளைப் பார்த்ததும் எரிச்சலோடு, நல்லவேளை இதோடு இது முடிகிறது என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டார். மகள் படியேறிக்கொண்டிருந்தாள், அவள் காதில் விழுந்துவிட்டது. கண் கலங்கியது. இப்போது கீழே போகாதே என்று அக்கா செலின் தடுத்தாள். எதற்கெடுத்தாலும் அழும் பிள்ளை என்று பெயரெடுத்த அவள், அன்று அழுகையை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள், ஒவ்வொரு பரிசாக எடுத்து மகிழ்ச்சியோடு பிரித்தாள். அப்பாவின் முகமும் மலர்ந்தது. தன் வாழ்வின் முழு மனமாற்றம் அந்த இரவில்தான் நடந்தது என்று தெரேசா பிற்பாடு எழுதினார்.

இதில் எனக்குப் பிடித்தது லூயி புனிதர் என்பதுதான். 2015 அக்டோபர் 18 அன்று செலியோடு சேர்த்து அவருக்குப் புனிதர் பட்டம் தந்தார்கள். பிள்ளையிடம் அலுத்துக்கொண்ட ஒரு வயதான தகப்பன் பீடத்தில் இருக்கிறார். முட்டி வலியோடு மூன்றாவது மாடிக்கு ஏறி, வாட்டர் பாட்டிலை மறந்துவிட்டாயே என்று சிடுசிடுத்துவிட்டு, பிறகு குளியலறையில் போய் அழுகிற தாய்மாரே, அலுப்பு பாவம் அல்ல. உங்கள் பிள்ளை உங்கள் அலுப்பையும் பார்த்துத்தான் வளரும். அலுப்பு பிள்ளையைக் கெடுத்துவிடாது. ஆனால் சிடுசிடுத்த வாய், இரவு படுக்குமுன் தலையைத் தடவி ஒரு நல்ல வார்த்தையும் பேசட்டும். மாத்திரையையும் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைக்கு ஆண்டுதோறும் புதுச் சீருடை தைக்கிறோம்; நம் இரத்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை என்கிறோம்.

இரண்டாவது, செல்லம். சாமுவேல் முதல் நூலில் வரும் குரு ஏலியை நினைத்துப் பாருங்கள். வயதாகிக் கண் மங்கியவர். மகன்கள் செய்த அக்கிரமம் தெரிந்தும் அவர்களை அடக்கவில்லை என்பதுதான் ஆண்டவர் அவர்மீது வைத்த குற்றச்சாட்டு. "தவமிருந்து பெற்ற பிள்ளை, சாமி. கேட்டதை வாங்கிக் கொடுக்காமல் இருக்க மனசு வரல" என்று என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. போன், அதைவிடப் பெரிய போன், பதினாறு வயதில் பைக். நாம் எத்தனை நாள் இருக்கப் போகிறோம் என்ற நினைப்பில் கொடுக்கிறார்கள். நாம் எத்தனை நாள் இருக்கப் போகிறோம் என்பதே, கண்டிப்பதற்கான காரணமும் அல்லவா? யாக்கோபு முதிர்ந்த வயதில் பிறந்த யோசேப்புக்கு மட்டும் அழகிய அங்கி தைத்துக் கொடுத்தார்; அந்த அங்கியால் அண்ணன்மாரின் நெஞ்சில் பொறாமை வளர்ந்தது, வீடு இரண்டானது. கடைக்குட்டிக்குச் செய்யும்போது மூத்த பிள்ளைகளின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். அவர்களில் சிலர் தங்கள் படிப்பைச் சுருக்கிக்கொண்டு உங்களுக்கு உதவினவர்கள்.

செல்லத்தைவிடக் கனமான சுமை ஒன்றும் உண்டு. எலிசபெத்தின் மகனுக்குப் பெயர் வைக்கும் நாளில் சுற்றமும் அக்கம்பக்கமும் கூடித் தகப்பன் பெயரான செக்கரியாவையே வைக்கப் பார்த்தார்கள். தாய் ஒரே பிடியாக மறுத்தார். தகப்பன் பலகையில் யோவான் என்று எழுதிக் காட்டினார். உறவில் யாருக்கும் இல்லாத பெயர். அந்த முதிய பெற்றோர் மகனைத் தங்கள் நகலாக, தங்கள் குறையைத் தீர்க்க வந்தவனாக வைத்துக்கொள்ளவில்லை. இறந்துபோன அண்ணனின் இடத்தை நிரப்ப, அப்பாவுக்குக் கிடைக்காத டாக்டர் படிப்பை முடிக்க, இருபத்தைந்திலேயே இருவரையும் தாங்க என்று ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தோளில் எதையெல்லாம் ஏற்றுகிறோம்! நீட் பயிற்சி மையத்துக்கு எட்டாம் வகுப்பிலேயே அனுப்புகிற அவசரத்தில் பாதி, பெற்றோரின் வயதைப் பற்றிய பயம்.

அந்தப் பயத்தைப் பிள்ளைமேல் ஏற்றாமல், காகிதத்தில் எழுதுங்கள். ஆம், உயிலைத்தான் சொல்கிறேன். உயில் எழுதினால் சாவு வந்துவிடும் என்று நம்மில் பலருக்கு ஒரு எண்ணம். கிறிஸ்தவனுக்கு அது அழகல்ல. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தன் மைனர் பிள்ளைக்கு ஒரு காப்பாளரைத் தந்தை உயிலிலேயே நியமிக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. தாயைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. பழைய சட்டத்தின் பழைய கண். ஆனாலும் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள், வழக்கறிஞரிடம் போங்கள், பொறுப்பேற்பவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். லூயி மார்ட்டின் தாய்மாமன் இருக்கும் ஊருக்கே குடிபோனதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஞானப் பெற்றோர் விஷயத்தில் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஐம்பது வயதுத் தகப்பன் தன்னோடு வேலை பார்க்கும் ஐம்பத்தைந்து வயது நண்பரை ஞானத் தந்தையாக அழைத்து வருகிறார். நட்புக்கு மரியாதை சரி. பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது அந்த நண்பருக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். திருச்சபைச் சட்டம் கேட்பது 16 வயது நிறைவு. உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்று, விசுவாசத்தில் வாழ்கிறவராக இருந்தால் போதும். இளையவராகத் தேடுங்கள். திருமுழுக்கு முடிந்துவிட்ட பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் வருகிறது, அதற்காவது.

இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, பாப்பா, வாட்ச்மேன் "தாத்தா வந்திருக்காரா?" என்று கேட்டால், "எங்க அப்பா" என்று சொல்லிப் பழகுங்கள். ஆண்டு விழாவுக்கு வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லாதீர்கள். அவர் முதல் நாள் இரவு உங்களுக்காகத்தான் தலைக்கு டை அடித்துக்கொண்டார். (டை அடிப்பது பாவமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை.)

பாதியில் விட்டுச் சென்ற ஒரு தகப்பனைப் பற்றியும் கேளுங்கள். போலந்து நாட்டு வாடோவிட்சே ஊரில் ஒரு ராணுவ அதிகாரி இருந்தார். 40 வயதில் அவருக்குக் கடைசி மகன் பிறந்தான். அந்த மகனுக்கு எட்டு வயது இருக்கும்போது தாய் இறந்தார். நான்கு ஆண்டுகளுக்குள் மருத்துவராக இருந்த மூத்த மகனும் இறந்தான். தகப்பன் ராணுவ ஓய்வூதியத்தில் சமைத்தார், துணி தைத்தார், பையனைப் படிக்க வைத்தார். இரவில் விழித்துக்கொள்ளும் மகன், அப்பா முழங்காலில் இருப்பதைப் பார்ப்பான். 1941இல் அவர் இறந்தபோது மகனுக்கு 20 வயது. 1946இல் மகன் குருவானதை அவர் பார்க்கவில்லை. 1978இல் இரண்டாம் யோவான் பவுல் என்ற பெயரோடு பேதுருவின் இருக்கையில் அமர்ந்ததையும் பார்க்கவில்லை. முழங்காலில் இருந்த அப்பாதான் தனக்கு முதல் குருமடம் என்ற கருத்தில் திருத்தந்தை பிறகு எழுதினார்.

குழந்தை இல்லாமல் இன்னும் ஏங்குகிற, நாற்பதைத் தாண்டிய தம்பதியரே, தத்தெடுப்புக்கு வயது தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85க்குள் இருக்க வேண்டும். எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 110 வரை இடமுண்டு. அந்த வயதுப் பிள்ளைகளை யாரும் எளிதில் கேட்பதில்லை.

கடைசியாக, நம் பங்கின் இளைய குடும்பங்களே, இளையோரே. வயதான எலிசபெத்து கருவுற்றிருக்கிறார் என்று கேள்விப்பட்ட இளம்பெண் மரியா மலைநாட்டுக்கு விரைந்து போனார், மூன்று மாதம் தங்கினார். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. நம் அன்பியங்களில் இப்படிப்பட்ட வீடுகள் எவை என்று உங்களுக்குத் தெரியும். மழை நாளில் அந்த வீட்டுப் பிள்ளையையும் உங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பள்ளியின் ஆன்லைன் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். விளையாட்டு தினத்துக்கு உங்கள் மகனோடு அந்த மகனையும் கூட்டிப் போங்கள்; அவன் அப்பாவால் ஓட முடியாது, உங்களால் முடியும். இந்த வார அன்பியக் கூட்டத்தில் பொறுப்பாளரிடம் உங்கள் பெயரைக் கொடுங்கள். சென்று கேட்க அந்தப் பெற்றோருக்குக் கூச்சமாக இருக்கும். நீங்களே முந்திக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள்.